சொட்டு மருந்தும் பாதி ரேட்டு ஞாயிறும்

எனக்குப் பொறுமை கிடையாது. நர்ஸ் வேலைக்கு அதுதான் முதல் தகுதி என்று பயிற்சிப் பள்ளியில் பாடம் நடத்தியிருப்பார்கள் போல. அந்த வகுப்பு நடந்த அன்று நான் லீவு. இருபத்தாறு வயதில் என்னை ஆந்திராவில் நகரிக்குப் பக்கத்தில், தமிழ்நாட்டு எல்லையைத் தொட்டுக்கொண்டிருந்த ஒரு கிராமத்துக்குப் போட்டார்கள். ஊர்ப் பெயரைச் சொல்லமாட்டேன். சொன்னால் இன்றைக்கும் என்னோடு சண்டைக்கு வர அங்கே நாலு பேர் இருக்கிறார்கள்.

ஊரில் இரண்டே தெரு. மாரியம்மன் கோயில் இருப்பது கோயில் தெரு, பழைய மிஷன் சர்ச் இருப்பது சர்ச் தெரு. இரண்டு தெருக்காரர்களுக்கும் தாத்தா காலத்தில் கையகல நிலம் கிடையாது. இப்போது ஆளுக்கு அரை ஏக்கரில் வேர்க்கடலை, மிச்ச நாளில் கூலி வேலை. ஒரே குழம்பு, ஒரே வசவு, மூக்குகூட ஒரே ஜாடை. ஞாயிற்றுக்கிழமை காலை மட்டும்தான் வித்தியாசம். சர்க்கார் போலியோ சொட்டு மருந்துக்கு அந்த ஞாயிற்றுக்கிழமையைத்தான் பிடித்தது.

அந்த வருஷம் மாசத்துக்கு ஒரு சுற்று. ஐந்து வயதுக்குள் இருக்கும் ஒரு பிள்ளையையும் விடக் கூடாது. எனக்கு எல்லாப் பிள்ளையும் ஒன்றுதான் என்று சொன்னால் பொய். என்னைத் தூங்கவிடாமல் அடித்தவன் ஒரே பையன், எட்டு மாசக் குழந்தை. அவன் அம்மா கோயில் தெருப் பெண், அப்பா சர்ச் தெருப் பையன். காதலித்துக் கட்டிக்கொண்டவர்கள். பெங்களூரில் கம்ப்யூட்டர் கம்பெனிக்காரர்களுக்குக் கட்டடம் எழும்பிக்கொண்டே இருந்த வருஷங்கள் அவை. எங்கள் ஊரிலிருந்து வாரத்துக்கு ஒரு குடும்பமாவது மூட்டை கட்டிக்கொண்டு பஸ் ஏறும். அந்த அப்பனும் போயிருந்தான். பையன் வீட்டிலேயே பிறந்தவன். பிறந்ததிலிருந்து அவன் வாயில் ஒரு சொட்டு மருந்து விழவில்லை. எப்படியாவது அவன் வாயைத் திறந்துவிட வேண்டும் என்று எனக்கு ஒரு வெறியே பிடித்திருந்தது.

முதல் சுற்றுக்கு மிஷன் ஸ்கூல் வராந்தாவில் மேஜை போட்டேன். வேறு காரணம் எதுவும் இல்லை, ஊரில் உருப்படியான மேஜை அங்கேதான் இருந்தது. சர்ச் முடிந்ததும் அந்தத் தெருப் பிள்ளைகள் வந்து வரிசையில் நின்று வாயைத் திறந்தார்கள். கோயில் தெருவிலிருந்து ஒரு ஈ காக்காய் இல்லை. வெயில் சாய்ந்த நேரம் ஒரு பெரியவர் மட்டும் மெதுவாக வந்து, என் ரிஜிஸ்டரை எட்டிப் பார்த்தார். அவருடைய மகள் ரகசியமாகப் பேரனைத் தூக்கி வந்து மருந்து போட்டுக்கொண்டு போயிருந்தாளாம்.

"எம் பேரனுக்குப் புதுப் பேரு இன்னா வெச்சே?" என்றார்.

நான் முழித்தேன். அவர் பொறுமையாக விளக்கினார். ஞாயிற்றுக்கிழமை, மிஷன் ஸ்கூல். கிறிஸ்தவப் பொம்பளை ஒருத்தி புள்ளை மோவாயைப் பிடித்துத் தூக்கி ரெண்டு சொட்டுத் தண்ணி விடுகிறாள். அப்புறம் நோட்டில் பேரை எழுதுகிறாள். இதுக்கு ஞானஸ்நானம் என்று பேர் இல்லாமல் வேறு இன்னா? அவர் சொன்னதில் தப்பே கண்டுபிடிக்க முடியவில்லை. சித்தூர் மிஷன் காம்பவுண்டில் பிறந்தவள் நான், என் நைனா சர்ச்சில் ஆர்மோனியம் வாசிப்பவர் என்பதும் ஊருக்கே தெரியும். போதாக்குறைக்குச் சுண்டு விரலில் மை வேறு வைத்து அனுப்பியிருந்தேன். கிறிஸ்தவன் ஆனதற்கு அது அடையாளமாம்.

மறுநாள் ஆஸ்பத்திரியில் டாக்டர் என் கணக்கைப் பார்த்தார். அவர் திருப்பதிக்காரர். தமிழ் புரியும், ஆனால் கோபம் தெலுங்கில்தான் வரும். "சகம் ஊரேனா அம்மா?" என்றார். பாதி ஊர்தானா என்று அர்த்தம். எனக்குக் காது வரை சூடேறியது.

அடுத்த மாசம் மேஜையைத் தலையில் தூக்கி வைக்காத குறையாக மாரியம்மன் கோயில் வாசலுக்குக் கொண்டுபோனேன். இந்த முறை கோயில் தெரு திரண்டு வந்தது. குழந்தைக்கு மருந்து விட்டால் அம்மாவும் கையைக் குழித்து நீட்டினாள். எழுபது வயதுக் கிழவர்கள் வரிசையில் நின்றார்கள். "இது தீர்த்தம் இல்ல, மருந்து, உங்களுக்குக் கிடையாது" என்று ஒவ்வொருவரையும் விரட்டி என் தொண்டை போனது. நான் தண்ணீர் குடிக்கத் திரும்பிய நேரத்தில் யாரோ ஒரு புண்ணியவதி ஐஸ் பெட்டியின் முன்னால் கற்பூரம் ஏற்றி வைத்துவிட்டாள். உள்ளே ஐஸ் உருகி மருந்து கெட்டுவிடப் போகிறதே என்று பதறி ஊதி அணைத்தேன். சாமிக்கு ஏற்றியதை வாயால் ஊதியதற்கு அங்கே தனியாக ஒரு ரகளை.

அந்தக் கற்பூரத்தைச் சர்ச் தெரு சபை மூப்பர் தெரு முனையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். வெள்ளை வேட்டி, கையில் வேதப்புத்தகம்.

"நீயே மிஷன் புள்ள. அம்மனுக்குப் படைச்சத எங்க புள்ளைங்க வாய்ல உடச் சொல்றியா?"

"ஐயா, இது படைச்சது இல்ல. பிரிட்ஜிலேர்ந்து எடுத்தாந்தது."

"கற்பூரம் ஏத்துனத நான் கண்ணால பாத்தேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவரோடு சேர்ந்து சர்ச் தெருவும் போய்விட்டது. போன மாசம் ஞானஸ்நானமாக இருந்த அதே புட்டி இந்த மாசம் தீர்த்தமாகிவிட்டது. டாக்டர் மறுபடி "சகம் ஊரேனா?" என்றார். ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விடலாமா என்றுகூட யோசித்தேன்.

இரண்டு சுற்றிலும் தப்பித்தவன் அந்த ஒரு பையன்தான். முதல் சுற்றில் அம்மாவைப் பெற்றவள் விடவில்லை, இரண்டாவதில் அப்பாவைப் பெற்றவள் விடவில்லை. சரி, வீட்டுக்கே போய்ப் போடலாம் என்று போனேன். சர்ச் தெரு வீட்டில் கேட்டால் பையன் கோயில் தெருவில் இருக்கிறான் என்றார்கள். நான் தெருவைச் சுற்றி அங்கே போய்ச் சேர்ந்தால், சர்ச் தெருவில் இருக்கிறான் என்றார்கள். மூன்று நாள் இப்படி நடந்தேன். பிறகுதான் தெரிந்தது, இரண்டு வீட்டுக்கும் கொல்லைச் சுவர் ஒன்று. என் தலை தெருவில் தெரிந்ததும் பையனைச் சுவருக்கு மேலே கைமாற்றிவிடுகிறார்கள். கல்யாணம் ஆன நாளிலிருந்து முகம் கொடுத்துப் பேசாத சம்பந்திகள் இந்த ஒரு காரியத்தில் மட்டும் எப்படி ஒத்துப்போனார்கள் பாருங்கள்.

நாலாம் நாள் அந்தப் பையனின் அம்மாவைக் குழாயடியில் பிடித்துக்கொண்டேன். இருபது வயசுகூட இருக்காது.

"எனக்கு ஆசதான் நர்சம்மா. ரெண்டு பக்கமும் இடிக்கிறாங்கோ. அவரு போன்ல சொல்லட்டும், போட்டுக்கிறேன். அவரு பேச்சுன்னா ரெண்டு பேருமே கேப்பாங்கோ."

"எப்பப் பேசுவான்?"

"ஞாயித்துக்கெழம. அன்னிக்குத்தான் பாதி ரேட்டு."

எனக்குப் பொறி தட்டியது அப்போதுதான். பஸ் நிறுத்தத்துக்கு எதிரில் புதிதாக ஒரு எஸ்.டி.டி. பூத் வந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமையானால் அங்கே எள் விழ இடம் இருக்காது. கட்டணம் பாதி என்பதால் இரண்டு தெருவும் அங்கேதான் கிடக்கும். பெங்களூரிலும் மெட்ராஸிலும் இருக்கிற அப்பன்கள் பிள்ளைகளின் குரலைக் கேட்க வேண்டும் என்பதால், பெண்கள் கைக்குழந்தையைக் கட்டாயம் தூக்கி வருவார்கள். அந்த இடத்தில் அம்மனும் இல்லை, வேதப்புத்தகமும் இல்லை. ஊரில் வேறு எங்கேயும் அந்த இரண்டு தெருவும் ஒரே வரிசையில் நின்று நான் பார்த்ததில்லை.

மூன்றாம் சுற்றுக்கு மேஜை பூத் வாசலில். பூத்காரர் பங்காருபாளையம் பக்கத்திலிருந்து வந்தவர், இரண்டு தெருவுக்கும் சொந்தமில்லை. ஒரு கால் சூம்பியது, கட்டையை ஊன்றி நடப்பார். முதலில் நின்ற பெண் என்னையும் புட்டியையும் பார்த்துத் தயங்கினாள். அவளுக்குப் பின்னால் எல்லோரும் தயங்கினார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் பூத்காரர் கண்ணாடிக் கதவைத் தள்ளித் தலையை நீட்டினார்.

"கவருமெண்டு எனக்கு இந்த பூத்த எதுக்குக் குடுத்துச்சி தெரியுமா? இந்தக் காலுக்கு. சின்னதுல காய்ச்ச வந்துச்சி, கால் போச்சி, பூத்து வந்துச்சி. உம் புள்ளைக்கும் ஒரு பூத்து வோணும்னா மருந்து போடாத, வூட்டுக்குப் போ."

யாரும் சிரிக்கவில்லை. அவர் மட்டும் சிரித்துவிட்டு உள்ளே போய்விட்டார். அந்தப் பெண் பிள்ளையின் வாயைத் தானே பிளந்து காட்டினாள். அதற்குப் பிறகு எனக்குக் கை ஓயவில்லை. சபை மூப்பரின் பேத்தியும், புதுப் பேர் கேட்ட பெரியவரின் பேரனும் அடுத்தடுத்து வந்தார்கள். இரண்டு மாசமாகக் கத்திக் கத்தி நான் சாதிக்காததை ஒரு மனிதர் தன் காலைக் காட்டி ஒரு நிமிஷத்தில் முடித்துவிட்டார். எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது.

கடைசியாக என் பையன் வந்தான். அம்மா இடுப்பில் அவன், இரண்டு பக்கமும் இரண்டு சம்பந்தியம்மாக்கள், போலீஸ் காவல் மாதிரி. அவன் அப்பன் வேலை செய்யும் இடத்துக்குப் பக்கத்துக் கடையில் ஒரு போன் உண்டு. அந்தக் கடைக்குப் போட்டு, ஆளைக் கூப்பிட்டு வரச் சொல்லி வைத்தோம். கால் மணி கழித்து மறுபடி போட்டதும் அவன் கிடைத்தான். அவள் விஷயத்தைச் சொன்னாள். இரண்டு சம்பந்தியம்மாக்களும் ஆளுக்கு ஒரு பக்கம் ரிசீவரில் காதை ஒட்டினார்கள். அவன் என்ன சொன்னானோ, இருவரும் ஒரே நேரத்தில் காதை எடுத்துக்கொண்டார்கள். நான் ரிசீவரைப் பிடுங்கினேன்.

"போடுங்க நர்சம்மா" என்றான். "போடறப்போ ரிசீவர எம் புள்ள கிட்ட வெய்ங்க."

போட்டேன். பையன் ஊரே கேட்கும்படி அலறினான். சுண்டு விரலில் மை வைத்தேன். ரிசீவரைத் திரும்ப எடுத்தபோது அந்தப் பக்கம் சிரிப்பா அழுகையா என்று தெரியாத ஒரு சத்தம். பிறகு கேட்டான்.

"நர்சம்மா, இங்க ஏன் யாரும் வர்ல?"

"எங்க?"

"எங்க ஷெட்டுக்கு. நம்மூரு ஜனங்கதான், ரெண்டு தெருவும் ஒண்ணாத்தான் கீறோம். பதினாலு புள்ளைங்க கீது. போன மாசம் பக்கத்துத் தெரு வரைக்கும் மருந்துப் பெட்டியத் தூக்கிக்கினு வந்தாங்க. கேட்டா, நீங்க ஆந்திராக்காரங்க, உங்க ஊர்ல போய்ப் போட்டுக்கோங்கன்னுட்டாங்க."

எப்போதும் வாய்க்கு முன்னால் நிற்கிற என் கோபம் அன்றைக்கு வரவில்லை. "பேரச் சொல்லு" என்றேன். அவன் ஒவ்வொன்றாகச் சொன்னான், நான் கணக்குத் தாளின் பின்பக்கத்தில் எழுதினேன். வரிசை முணுமுணுத்தது. நான் பெயர்களைச் சத்தமாகத் திருப்பிச் சொல்லச் சொல்ல முணுமுணுப்பு நின்றது. "அது எங்கக்கா புள்ள" என்றாள் ஒருத்தி. "ஒம்பதாவது எங்க அண்ணன் பொண்ணு, வயசு மூணு, எழுதிக்கோங்க" என்றாள் இன்னொருத்தி.

மறுநாள் டாக்டர் என் தாளைப் பார்த்து முதல்முறையாகச் சிரித்தார். முழு ஊர். ஒரு பிள்ளை பாக்கியில்லை. தாளைத் திருப்பியதும் சிரிப்பு நின்றது.

"ஈ பத்னாலுகு மந்தி எவரு?" யார் இந்தப் பதினாலு பேர் என்றார். சொன்னேன். "மன ஏரியா காதம்மா" என்று சிவப்புப் பேனாவால் குறுக்கே ஒரு கோடு இழுத்தார். கெட்ட மனுஷன் இல்லை அவர். நம் ஏரியா இல்லை என்று அவர் சொன்னது காகிதப்படி சரிதான். பெங்களூரில் அவர்களை எண்ணியிருப்பார்கள் என்று உண்மையிலேயே நம்பினார். அங்கே இருந்தவர்கள் இங்கே எண்ணியிருப்பார்கள் என்று நம்பியதைப் போல.

திருப்பதியில் நடந்த மீட்டிங்கில் ஒரு பிள்ளையும் விடாத ஊர் என்று என்னை மேடைக்குக் கூப்பிட்டு, வேர்த்துக் கொட்டிக்கொண்டிருந்த என் கழுத்தில் ஒரு சால்வையைப் போட்டார்கள். எல்லோரும் கை தட்டினார்கள். அந்த நிமிஷம் மாதிரி நான் என்றைக்கும் கூனிக் குறுகியதில்லை. திரும்பி வரும் பஸ்ஸில் சால்வையை மடித்துப் பைக்கு அடியில் வைத்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூத் வரிசையில் நானும் போய் நின்றேன். எனக்கு முன்னால் பத்துப் பன்னிரண்டு பேர். பெங்களூரில் எனக்கு யாரும் கிடையாது, சொந்தம் முழுக்கச் சித்தூரில்தான் என்று அவர்களுக்குத் தெரியும். என் முன்னால் நின்றவள் திரும்பிப் பார்த்தாள்.

"உங்களுக்கு யாரு நர்சம்மா கீறாங்க பெங்களூர்ல?"

"பதினாலு புள்ளைங்க" என்றேன். "பெட்டியத் தூக்கிக்கினு யாராவது வந்தாங்களான்னு கேக்கணும்."

அவள் ஒதுங்கி எனக்கு வழி விட்டாள். அவளுக்கு முன்னால் நின்றவளும் ஒதுங்கினாள்.