கிருமிக்குத் தீனி

தூத்துக்குடிக்குத் தெற்கே அலையாத்திக் காட்டுச் சேற்றில் எண்ணெய் சிந்தினால் அங்குள்ள பாக்டீரியாக்கள் அதை எப்படிச் சிதைக்கின்றன என்பதுதான் என் எம்.எஸ்சி. ஆய்வு. ஒப்பிட்டுப் பார்க்க, ராஜபாளையத்தில் சேத்தூர் ரோட்டில் அப்பா நடத்தும் லாரி ஒர்க்‌ஷாப்பின் பின்பக்கத்திலிருந்தும் கொஞ்சம் மண் எடுத்துப்போனேன். இரண்டையும் குடுவைகளில் போட்டு, டீசல் விட்டுக் குலுக்கியதில் அப்பாவின் மண்தான் முந்தியது. வருஷக்கணக்காக எண்ணெய் ஊறிய மண். எண்ணெயைத் தின்று பிழைக்கும் கிருமிகளே அதில் பெருகியிருந்தன.

எங்கள் குடும்பத்தில் எட்டாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். அன்று போனில் என் குரல் கொஞ்சம் ஓங்கித்தான் இருந்திருக்கும்.

“அப்ப நம்ம கிருமி கடல் கிருமியச் செயிச்சிட்டுன்னு சொல்லு,” என்றார் அப்பா. “எண்ணெயத் தவிர வேற ஒண்ணும் கேக்காதோ?”

“கேக்காதுப்பா. விட்டா அம்புட்டையும் தின்னுரும்.”

ஆயுத பூஜைக்கு முதல் நாள் ஊருக்கு வந்தேன். பை தோளில் இருக்கும்போதே அப்பா என்னை ஷெட்டுக்குப் பின்னால் கூட்டிப்போனார். நான் மண் எடுத்த இடத்தைச் சுற்றிச் செங்கல் அடுக்கியிருந்தார். உள்ளே கருப்பாக எண்ணெய் தேங்கிக் கிடந்தது. பீப்பாயில் சேர்த்து, வாங்க வருகிற ஆளுக்குக் கொடுக்கும் கழிவு எண்ணெயை இந்தத் தடவை கொடுக்கவில்லையாம்.

“நீ வாரதுக்குள்ள அதுக பட்டினி கிடந்து செத்துட்டா ஒம் படிப்பு என்னாகும்? அதான் தீனி போட்டேன்.”

ஸ்பானருக்கும் கம்ப்ரசருக்கும் வைத்த சந்தனப் பொட்டு அந்தச் செங்கல்லிலும் இருந்தது.

முந்தின நாள் பெய்த மழையில் எண்ணெய் செங்கல்லைத் தாண்டி, பக்கத்துக் கீரைப் பாத்திகளுக்குள் இறங்கியிருந்தது. தண்டுக்கீரைக்கு நடுவே தண்ணீர் நீலமும் ஊதாவுமாக மினுங்கியது. பாத்திக்குச் சொந்தக்காரி எனக்கு அத்தை முறை. ஸ்ரீவில்லிபுத்தூர் மார்க்கெட்டுக்குக் கீரை கொண்டுபோய் விற்றுத்தான் அவள் பிழைப்பு. வரப்பில் குத்தவைத்திருந்தாள்.

“ஏட்டி படிச்சவளே, ஒங் கிருமி எப்பத் தின்னு முடிக்கும்? நாளைக்கு நான் கீரை பிடுங்கணும்.”

“செத்தப் பொறு தங்கச்சி, பிள்ளை சொல்லும்,” என்றார் அப்பா.

இருவரும் என்னைப் பார்த்தார்கள். குடுவையைக் குலுக்குவதே காற்று கலக்கத்தான். கிருமிக்குத் தேவையான உப்புகளையும் நான்தான் அளந்து போட்டேன். நீர் கட்டிய மண்ணில் காற்று மேல்தோலோடு நின்றுவிடும். அலையாத்திச் சேற்றிலும் அப்படித்தான், அடியில் இறங்கிய எண்ணெய் வருஷக்கணக்கில் கிடக்கும். இதெல்லாம் என் ஆய்வேட்டின் முதல் அத்தியாயத்திலேயே இருக்கிறது. போனில் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ஜெயித்த கதை சப்பென்று ஆகியிருக்கும்.

“மாசக்கணக்காகும் அத்தை. இது இஞ்சின்ல ஓடுன எண்ணெய், தேய்ஞ்ச உலோகமெல்லாம் இதுல கிடக்கு. அதக் கிருமி திங்காது. இந்தக் கீரைய யாருக்கும் குடுக்காதீங்க. ஆட்டுக்கும் போடாதீங்க.”

“அம்புட்டையும் தின்னுரும்னு ஒங்கப்பா ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சாரே.”

“நாந்தான் அப்படிச் சொன்னேன்.”

அப்பா என்னைப் பார்க்கவில்லை. உள்ளே போய் மண்வெட்டியும் சாக்குகளும் கொண்டுவந்தார். எண்ணெய் ஊறிய மேல்மண்ணை வழித்துச் சாக்கில் கட்டினோம். மிச்ச மண்ணைக் கொத்திவிட வேண்டும், எருவும் கலக்க வேண்டும் என்றேன்.

“எருவும் எந் தலையிலதானா?” என்றாள் அத்தை.

“நாங் கொண்டாரேன்,” என்றார் அப்பா.

அத்தை கீரையை வேரோடு பிடுங்கிக் குவியலாக எறிய ஆரம்பித்தாள். நன்றாக வளர்ந்த கீரை. இலையில் ஒரு ஓட்டைகூட இல்லை.

லாரி எடுக்க வந்த டிரைவர் சுவருக்கு மேலாக எட்டிப் பார்த்தார். “என்ன மொதலாளி, வெவசாயத்துல எறங்கிட்டியளா?”

அப்பா இடுப்பை நிமிர்த்தி, “எம் பிள்ளை ஆராய்ச்சி பண்ணுதுல்லா,” என்றார். கேலியாகச் சொல்லவில்லை. எப்போதும் சொல்கிற அதே குரல்தான்.

அத்தை கையிலிருந்த கீரையோடு என்னை ஒருமுறை பார்த்தாள். நான் குனிந்து, ஏற்கெனவே உடைத்த கட்டியையே திரும்பக் கொத்தினேன்.