மாடிப்படிக்குக் கீழே வாசிப்பு வகுப்பு

ஒரு வேலையை வாழ்நாள் முழுக்கச் செய்துவிட்டு, அது நடந்ததா இல்லையா என்றே தெரியாமல் ஒருவர் வீட்டுக்குப் போக முடியுமா? கொத்தனார் சுவரைத் தட்டிப் பார்க்கலாம். சமையல்காரர் ஒரு சொட்டு நாக்கில் விட்டுப் பார்க்கலாம். பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகளுக்கு வாசிக்கச் சொல்லித்தரும் இந்த டீச்சருக்கு அப்படி எதுவும் கையில் அகப்பட்டதில்லை. கண் ஓடுகிறது, வாய் பேசுகிறது. நடுவில் என்ன நடக்கிறது என்பது அந்தப் பிள்ளைக்கே வெளிச்சம்.

வகுப்பறை மாடிப்படிக்குக் கீழே இருந்தது. கால் உடைந்த பெஞ்சுகளைப் போட்டுவைத்த இடத்தில் பாதியை ஒழித்துக் கொடுத்திருந்தார்கள். மணி அடித்தால் பள்ளிக்கூடமே தலைக்கு மேல் இறங்கி ஓடும். அது அடங்கும்வரை யாரும் வாயைத் திறந்து பயனில்லை. கதவுக் கண்ணாடியில் டீச்சரே பழைய காலண்டர் தாளை ஒட்டியிருந்தார். மீசை முளைத்தவன் எழுத்துக்கூட்டிப் படிப்பதை வெளியே யாராவது பார்த்துவிட்டால் மறுநாள் அவன் வரமாட்டான்.

பஸ் டிப்போவில் வேலை பார்க்கும் கணவர் கேலி செய்வார். "எல்லாரும் உன்னைவிட ஒரு முழம் உசரம். நீ எப்படி அடக்குற?"

"அடக்க வேணாம். தூங்காம பாத்துக்கிட்டா போதும்."

"அவங்களா, நீயா?"

டீச்சர் சிரிக்கமாட்டார். சிரிக்கவும் கொஞ்சம் தெம்பு வேண்டியிருக்கிறதே.

அந்தப் பிள்ளைகள் சோம்பேறிகள் என்று ஆசிரியர்கள் அறையில் பேசிக்கொள்வார்கள். டீச்சர் அதை ஒத்துக்கொண்டதில்லை. மறுத்துப் பேசி மூச்சை வீணாக்கியதும் இல்லை. ஒருத்தி தினமும் புத்தகத்தை மறந்து வருவாள். இன்னொருவன் தன் முறை நெருங்கும்போது வேண்டுமென்றே வாயாடி, வெளியே போய் நிற்பான். இத்தனை வருடம் பிடிபடாமல் இருப்பதற்கு எவ்வளவு பாடுபட்டிருக்க வேண்டும் என்று அவர் நினைத்துக்கொள்வார். பாராட்டாக அல்ல. அந்த உழைப்பை நினைத்தாலே அவருக்குக் களைப்பாக இருக்கும்.

அவர்களில் ஒருவனுக்கு மாப்பிள்ளை என்று பட்டப்பெயர். சட்டை கசங்காமல், எதிலும் பட்டுக்கொள்ளாமல், யாரோ வந்து அழைத்துப்போகட்டும் என்பதுபோல் உட்கார்ந்திருப்பான். அவன் வழி மனப்பாடம். மற்றவர்கள் இரண்டு தடவை படிக்கக் கேட்டால் போதும், நெஞ்சில் ஏறிவிடும். ஆற்றில் பாலம் கட்டிய கதையான நான்காம் பாடத்தை மூச்சு விடும் இடம்கூட மாறாமல் சொல்வான். ஒரு நாள் டீச்சர் அந்தப் பக்கத்தைத் தலைகீழாகப் பிடித்துக் கொடுத்தார். கடகடவென்று படித்தான்.

"ஏன்டா, படத்துல பாலம் தலைகீழா தொங்குதே, தெரியலையா?"

"வெள்ளம் வந்திருக்கும் டீச்சர்."

வகுப்பு உருண்டு சிரித்தது. அவன் மட்டும் தலையைத் தூக்கவில்லை.

அன்றிலிருந்து டீச்சர் அவனுக்குப் பாடப்புத்தகமே கொடுக்கவில்லை. மாத்திரைப் பெட்டிக்குள் இருக்கும் தாள், மின்விசிறி வாங்கும்போது கூடவரும் தாள் என்று, யாரும் உரக்கப் படித்துக் காட்டாத எழுத்துகளாகத் தேடிக் கொடுத்தார். ஒரு வரியைக் கடக்க அவனுக்கு வியர்த்துவிடும். டீச்சருக்குக் கொட்டாவி வரும், கையால் மறைத்துக்கொள்வார். மாதங்கள் இப்படிப் போயின.

ஒரு காலை தாமதமாக வந்தான். "வழியில ஒரு போர்டு டீச்சர். நின்னு படிச்சேன். அதான் லேட்டு."

"என்ன போட்டிருக்கு?"

"இங்கே சைக்கிள் நிறுத்தக் கூடாதாம். நான் தினம் அங்கதான் நிறுத்துறேன்."

"போய் உட்காரு" என்றார். மனதில் பட்டதை முகத்தில் காட்டவில்லை.

அந்த வாரமே அவனுடைய அக்கா வந்தாள். இஸ்திரிக் கடை வைத்து அவனை வளர்க்கிறவள். "டீச்சர், கரண்ட் வேலை படிப்புல சீட்டு இருக்கு. இவனுக்குப் படிக்க வரும்னு ஹெட்மாஸ்டர் கையெழுத்துப் போட்டாதான் சேர்த்துப்பாங்க. இந்தத் தடவை விட்டா வயசு தாண்டிடும்."

"இப்பதாம்மா நாலு வரி சொந்தமா படிக்கிறான். கொஞ்சம் பொறுத்தா..."

"பொறுத்துப் பொறுத்துத்தான் பதினேழு ஆச்சு. நீங்க மனசு வெச்சா நடக்கும்."

"நான் மனசு வெக்க என்ன இருக்கு?"

"அவனுக்கு நாலாம் பாடம் தலைகீழ் பாடம்னு எனக்கும் தெரியும் டீச்சர்" என்றாள் அக்கா.

தலைமை ஆசிரியர் கெட்டவர் அல்ல, அவசரக்காரர். ஒரு பக்கம் தடங்கலில்லாமல் படித்தால் கையெழுத்து, தடுக்கினால் இல்லை. அவ்வளவுதான் அவர் கணக்கு.

அவர் முன்னால் படித்துக் காட்ட வேண்டிய நாளுக்கு முந்தின மாலை, மாப்பிள்ளை டீச்சரோடு வாசல்வரை நடந்துவந்தான். "நாலாம் பாடம் வேணாம் டீச்சர். புதுசா குடுங்க. மெதுவா படிச்சிடுவேன்."

"தடுக்கினா?"

"தடுக்கினா திரும்ப அந்த வார்த்தைக்குப் போவேன். நீங்கதானே சொன்னீங்க?"

திரும்பிப் போக அந்த அறையில் யாரும் விடமாட்டார்கள் என்பதை டீச்சர் அவனிடம் சொல்லவில்லை.

மறுநாள் தலைமை ஆசிரியர் தொலைபேசியைக் காதில் வைத்தபடியே புத்தகத்தை டீச்சர் பக்கம் தள்ளினார். "நீங்களே ஒரு பக்கம் எடுத்துக் குடுங்க டீச்சர்."

டீச்சர் நான்காம் பாடத்தைத் தாண்டிப் புரட்டினார். ஒன்பதாம் பாடம். வகுப்பில் யாரும் தொடாதது. மாப்பிள்ளை குனிந்தான். அவன் உதடுகள் முதல் சொல்லுக்குக் குவிந்ததை அவர் அருகிலிருந்து பார்த்தார். அது சரியான சொல்தான்.

பிறகு தாள்களைப் பின்னால் புரட்டி, நான்காம் பாடத்தை அவன் முன்னால் வைத்தார்.

அவன் நிமிர்ந்து அவரைப் பார்த்தான்.

"ம், படிப்பா" என்றார் தலைமை ஆசிரியர்.

அவன் சொன்னான். ஓரிடத்திலும் தடுக்கவில்லை.

"தண்ணி மாதிரி ஓடுதே! இவனையா டீச்சர் மாடிப்படிக்குக் கீழே வெச்சிருந்தீங்க?" என்று சொல்லிக்கொண்டே கையெழுத்துப் போட்டார். அக்கா வாசலில் நின்று டீச்சரின் கைகளைப் பிடித்துக்கொண்டாள். சீட்டு கிடைத்தது.

நடந்ததைக் கேட்ட கணவர், "ஏன் திருப்பின?" என்றார். படிப்பில் சேரப் போகும் நாளன்று மாப்பிள்ளையும் வந்து வகுப்புக் கதவருகே நின்று அதையே கேட்டான். டீச்சர் கரும்பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தார். முடிக்கும்வரை அவன் காத்திருந்தான்.

"அக்கா தேடுவா, கிளம்பு" என்றார்.