கழுவிக் கொடுத்த கொடுவாள்

வக்கீலுக்குப் படிக்கப்போவதாகப் பாப்பா சொன்ன அன்றிலிருந்து இதை உங்களுக்கு எழுத நினைத்தேன். எட்டாவது வரை படித்த உங்கள் அப்பன் எழுதுவது, முன்னே பின்னே இருக்கும். பிள்ளைகள் இரண்டு பேரும் பொறுமையாகப் படியுங்கள்.

சில வருஷங்களுக்கு முன்னால் பாப்பிரெட்டிப்பட்டியில் மினி டெம்போ ஓட்டிக்கொண்டிருந்தேன். மலையடிவாரத்தில் மரவள்ளிக் கிழங்கு ஏற்றப்போன ஒரு காலையில், பக்கத்துக் கேழ்வரகுக் காட்டில் ஆடு இறங்கிவிட்டது. காட்டுக்காரப் பெண் எனக்கு அக்கா முறை. ஆட்டுக்காரி மலையிலிருந்து வந்து அடிவாரத்தில் குடிசை போட்டிருந்தவள். பேச்சு முற்றியதும் அக்கா கதிர் அரிவாளால் அவள் தோளில் வெட்டினாள். ஆட்டுக்காரி தன் இடுப்பில் செருகியிருந்த கொடுவாளை உருவி அக்காவின் கையில் வெட்டினாள். கிழங்கு ஏற்றிக்கொண்டிருந்த நாங்கள் ஓடிப்போய்ப் பிரிப்பதற்குள் எல்லாம் நடந்துவிட்டது.

அக்கா தன் அரிவாளைக் கிணற்றில் வீசினாள். மலைக்காரப் பெண் மோட்டார்க் குழாயடிக்குப் போய், எங்கள் எல்லோர் கண்முன்னாலும் கொடுவாளைக் கழுவி, முந்தானையில் துடைத்து என்னிடம் நீட்டினாள்.

"டேசன்ல குடுத்துருங்கண்ணா."

"ஏம்மா கழுவுன?"

"கழுவாத இரும்ப இன்னொருத்தரு கையில குடுக்கலாமுங்களா? எங்க பக்கம் அந்த வழக்கமே இல்லீங்க."

இரண்டு பேரும் என் டெம்போவில்தான் ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள், எதிரெதிரே உட்கார்ந்து. அக்கா வழியெல்லாம் அழுதாள். மலைக்காரப் பெண், "கொழந்தைக்குப் பால் குடுக்கணும், வெரசா ஓட்டுங்கண்ணா" என்றது மட்டும்தான்.

கொடுவாளை நான் டேசனில் ஒப்படைத்தேன். போலீஸ் இருவர் மேலும் வழக்குப் போட்டது. ஜாமீன் கிடைத்தால் வீடு, இல்லையென்றால் சேலத்துப் பெண்கள் சிறை. கோர்ட்டுக்கு மலைக்காரப் பெண்ணின் தம்பியையும் கைக்குழந்தையையும் நான்தான் ஏற்றிப்போனேன். குழந்தையை உள்ளே கூட வைத்துக்கொள்ளலாம் என்று யாரோ சொன்னதற்கு அவள் ஒப்பவில்லை. "செயிலு காத்து எம்புள்ள மேல படக்கூடாது."

அரசு வக்கீல் வராந்தாவில் நின்றிருந்தார். கெட்டவர் இல்லை. என்னைப் போன்ற ஆளைக்கூட "வாங்க" என்று அழைத்தவர். கொடுவாள் கழுவிய விவரத்தை அவரிடம் சொன்னேன்.

"நீங்க அந்தம்மாவுக்குச் சொந்தம்தானே? மலைக்காரிக்கு ஏன் பேசறீங்க?"

"கண்ணுல பாத்ததச் சொல்றனுங்க."

"சாட்சிக்குக் கூப்புடுவாங்க, அப்பச் சொல்லுங்க."

பக்கத்தில் நின்ற போலீஸ்காரர் சிரித்தார். "டெம்போக்காரரே கோட்டு மாட்டிக்குவாரு போல சார்."

அக்காவின் மனு முதலில் வந்தது. "குடும்பப் பெண். பயத்தில் கை நீட்டிவிட்டார். பிள்ளைகள் இருக்கிறார்கள். ஆட்சேபணை இல்லை" என்றார் அரசு வக்கீல். அக்காவின் பிள்ளைகள் காலேஜில் படிக்கிறவர்கள்.

அடுத்து அவளுடையது. "ஆயுதத்தோடு திரிகிறவர். தடயத்தைக் கழுவி அழித்திருக்கிறார். மலை ஏறிவிட்டால் பிடிக்க முடியாது. கடும் ஆட்சேபணை." அதே குரல், அதே மெதுவான பேச்சு. கிணற்றில் கிடந்த அரிவாளைப் பற்றி யாரும் கேட்கவில்லை. அவளுக்காக வந்த இலவச வக்கீல் எழுந்து ஏதோ சொன்னார். வெளியே அவள் குழந்தை வீறிட்டது உள்ளே நன்றாகக் கேட்டது. மனு தள்ளுபடி.

அக்காவைப் பார்த்தபோது அந்த மனுஷருக்கு ஒரு தாய் தெரிந்தாள். இவளிடம் மலையும் கொடுவாளும்தான் தெரிந்தன போல.

போலீஸ் வேனின் கம்பி வலைக்குப் பின்னாலிருந்து அவள் தம்பியிடம், "ஆட்டுப்பால்ல தண்ணி ஊத்திக் காச்சிக் குடுடா" என்றாள். இன்றைக்கும் தொப்பூர் இறக்கத்தில் முன்னால் போலீஸ் வேன் போனால் நான் அதைத் தாண்டிப்போவதில்லை.

ஒரு மாதத்துக்கு மேல் ஆகி ஜாமீனில் வெளியே வந்தாள். அழைத்து வந்து குடிசையில் இறக்கிவிட்டேன். கை நீட்டினாள். குழந்தை தம்பி பெண்டாட்டியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. நீட்டிய கையை மெல்ல மடக்கிக்கொண்டு என்னிடம் கேட்டாள்:

"கழுவாமக் குடுத்திருந்தா விட்டிருப்பாங்களாண்ணா?"

வழக்கு இன்னும் நடக்கிறது. சாட்சிக்கு என்னை இன்னும் கூப்பிடவில்லை.

அம்மா கத்தியைக் கழுவி என்னிடம் நீட்டும்போதெல்லாம் "கீழ வையி, நானே எடுத்துக்கறேன்" என்கிறேனே, ஏன் என்று கேட்பீர்கள். இதனால்தான். பாப்பா, நீ படி. எந்தப் பக்கம் நின்று வாதாடினாலும், அவள் கேட்டதற்கு என்ன சொல்வது என்று ஒருநாள் எனக்குச் சொல்லு. நான் அன்று டெம்போவை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.