சாய்ந்த எழுத்தில் இருந்த சகோதரி

உறவினர்களுக்கும், தாராவி சபையாருக்கும், மாட்டுங்கா லேபர் கேம்பிலிருந்து அடக்கத்துக்கு மழையோடு வந்து நின்ற அன்பர்களுக்கும் ஸ்தோத்திரம் சொல்லி எழுதுகிறேன். அண்ணன் கர்த்தருக்குள் நித்திரையடைந்து ஒரு வருஷம் நிறைகிறது. நினைவு மலரில் நீதான் எழுத வேண்டும் என்று சபை மூப்பர்கள் சொன்னார்கள். "நல்லத மட்டும் எழுதும்மா" என்றும் கூடவே சொல்லிவைத்தார்கள். அண்ணனிடம் நல்லது நிறைய இருந்தது, அது உங்கள் எல்லாருக்கும் தெரியும். உங்களுக்குத் தெரியாத ஒன்றும் இருக்கிறது. அதைச் சொல்லாமல் பேனாவை மூடிவைக்க என்னால் ஆகவில்லை.

அண்ணன் பிறந்தது திருநெல்வேலி ஜில்லாவில் சாத்தான்குளம் பக்கம். மிஷன் பள்ளிக்கூடத்தில் எட்டாவது வரை படித்தார். அப்பா தவறியதும் அம்மாவையும் என்னையும் கூட்டிக்கொண்டு பம்பாய்க்கு ரயிலேறினார். தாராவியில் தோல் கிடங்கில் வேலை. சுண்ணாம்புத் தொட்டியில் நின்று நின்று அவருடைய கைகள் வெந்து வெளுத்திருந்தன. அந்தக் கையோடுதான் ஞாயிற்றுக்கிழமை வேதப்புத்தகத்தைத் தொடுவார். தொடுவதற்குமுன் மூன்று தடவை சோப்புப் போட்டுக் கழுவுவார். "ஆண்டவருக்கு மூக்கு அடைச்சிருக்கும், விடுங்க" என்று நான் கேலி செய்வேன். முறைப்பார். அவரைச் சாது என்று சபையில் சொல்கிறீர்கள். குழம்பில் உப்புக் குறைந்தால் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போகிற சாதுவை நானும் மதினியும்தான் பார்த்திருக்கிறோம்.

சபைக்குச் சம்பளமில்லாத உபதேசியார் அவர். அறிக்கையும் ஜெபமும் நடத்தலாம், பிரசங்கம் பண்ணலாம், நோயாளியைப் பார்க்கலாம். குருப்பட்டம் இல்லாததால் நற்கருணை கொடுக்க முடியாது. அதற்கு மாதத்துக்கு ஒருமுறை கோட்டைப் பக்கத்திலிருந்து பட்டம் பெற்ற குருவானவர், எங்கள் பேச்சில் ஐயர், வருவார், ஒரு பெட்டியோடு. பாத்திரம், அங்கி, ஜெபப்புத்தகம் எல்லாம் அந்தப் பெட்டிக்குள் வந்து, அந்தப் பெட்டிக்குள்ளேயே திரும்பிப் போகும். சாகக் கிடக்கிறவர்கள் அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டு நற்கருணை அப்பமும் திராட்சரசமும் கேட்பார்கள். "ஐயர் வருவாவ, பொறுத்துக்கோங்க" என்பார் அண்ணன். பலபேர் பொறுக்கவில்லை, போய்விட்டார்கள். ஒவ்வொரு தடவையும் வீட்டுக்கு வந்து சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பார்.

நம் சபையில் அப்போது இருந்தது ஒரு வேதப்புத்தகம், அட்டை போன மூன்று பாட்டுப் புத்தகங்கள், அவ்வளவுதான். அண்ணன் ஒவ்வொரு அடியாகச் சொல்ல, சபை திருப்பிச் சொல்லிப் பாடும். யுத்தம் வந்தபிறகு ஊரிலிருந்து புத்தகம் வருவது அடியோடு நின்றுபோயிற்று. காகிதம் இல்லை என்று அச்சுக்கூடத்திலிருந்து கார்டு வந்தது. சாவுக்கு யுத்தம் என்றும் காகிதம் என்றும் கணக்கு உண்டா? சடலத்தை வைத்துக்கொண்டு மாதக் கடைசிவரை காத்திருக்கவும் முடியாது. அதனால் அடக்க ஆராதனையை அண்ணனே நடத்த ஐயர் அனுமதி கொடுத்தார். முழுவதையும் புத்தகத்தில் உள்ளபடியே வாசிக்க வேண்டும், ஒன்றையும் கூட்டவோ குறைக்கவோ கூடாது என்பது நிபந்தனை. தம்முடைய ஜெபப்புத்தகத்தை ஒரு ஞாயிறு மத்தியானம் எங்களிடம் விட்டுவிட்டு மாட்டுங்காவில் ஒரு வீட்டுக்குச் சாப்பிடப் போனார். அவர் திரும்பி வருவதற்குள் அடக்க ஆராதனையை எழுதி முடிக்க வேண்டும்.

எழுதியவள் நான்.

அண்ணனின் விரல்கள் சுண்ணாம்பில் வெடித்திருந்தன, பேனா பிடிக்க முடியவில்லை. கிடங்கில் வீணாய்ப்போன சரக்குச் சீட்டுகளைக் கொண்டுவந்து தைத்து நோட்டாக்கிக் கொடுத்தார். அவற்றின் பின்பக்கம்தான் எங்களுக்குக் காகிதம். "ஏட்டி, சாஞ்ச எழுத்துல இருக்கதெல்லாம் ஐயருக்குச் சொல்லுத குறிப்பு. எங்க நிக்கணும், எப்பத் திரும்பணும்னு இருக்கும். அத எழுதாத, தாள் காணாது" என்றார். எழுதிக்கொண்டே போனேன். ஜெபத்தின் நடுவில் 'சகோதரன்' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் 'சகோதரி' என்று இருந்தது. 'அவனை' என்பதன் பக்கத்தில் 'அவளை'. எல்லாம் சாய்ந்த எழுத்தில். இது குறிப்பில்லை, வாசிக்க வேண்டிய சொல் என்று எனக்கு அப்போதே தெரிந்தது. கையில் மிச்சம் நாலு தாள். வாசலில் ஐயரின் செருப்புச் சத்தமும் கேட்டுவிட்டது. அண்ணன் வாசிக்கும்போது மாற்றிக்கொள்வார் என்று நினைத்து விட்டுவிட்டேன்.

மாற்றிக்கொள்ளத்தான் செய்தார். முதல் இரண்டு பெண்களின் அடக்கத்தில் ஒரு இடத்திலும் தவறவில்லை. மூன்றாவது ஞானப்பூ அக்காள்.

அக்காளின் வீட்டுக்காரர் கோயில்பிள்ளை அண்ணாச்சியை உங்களில் தெரியாதவர்கள் இருக்கமாட்டீர்கள். ஹாத்காடி இழுக்கிறவர். நம் சபையில் யார் செத்தாலும் அந்தக் கைவண்டியில்தான் சவப்பெட்டி போகும், கூலி வாங்கமாட்டார். எழுத்து வாசனை கிடையாது. ஆனால் எத்தனையோ குழிகளின் ஓரத்தில் நின்று கேட்டுக்கேட்டு அடக்க ஆராதனை முழுவதும் அவருக்கு மனப்பாடம். அக்காள் காய்ச்சலில் போன அன்று தம் மனைவியைத் தாமே இழுத்துக்கொண்டு வந்தார். அடைமழை. அண்ணனுக்கும் அன்று நல்ல காய்ச்சல், கிடங்கிலிருந்து நேராக வந்திருந்தார். நான் குடை பிடித்தேன். நோட்டில் மை கரைந்து ஓடிக்கொண்டிருந்தது. எழுத்து அழிவதற்குள் முடிக்க வேண்டும் என்று அண்ணன் வேகவேகமாக வாசித்தார். நோட்டில் இருந்தபடியே வாசித்தார். சகோதரன். அவனை. அவனுடைய.

மண் தள்ளி முடிந்ததும் அண்ணாச்சி கிட்டே வந்தார். கோபமாகக்கூட இல்லை.

"உபதேசியாரே, நீங்க வாசிச்சது யாருக்கு?"

அண்ணனுக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்துவிட்டது.

"ஜெபத்துல பேரு கெடையாது. சகோதரன், சகோதரிங்குத அந்த ஒத்த வார்த்ததான் அடையாளம். நீங்க சகோதரன்னு வாசிச்சிட்டிய. உள்ள கெடக்கது எம்பொண்டாட்டி. அவ அங்க போயி நிக்கும்போது, ஒனக்கு ஒண்ணும் வாசிக்கலியேன்னு கேட்டா என்ன சொல்லுவா? அவ வாயில்லாப் பூச்சி. ஒண்ணும் சொல்லமாட்டா, நின்னுக்கிட்டே இருப்பா."

அண்ணன் அந்தச் சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டார். "தப்பு எம்மேலதான் அண்ணாச்சி" என்றார். திரும்ப வாசியுங்கள் என்றார் அண்ணாச்சி. ஐயரைக் கேட்டுவிட்டு வாசிக்கிறேன் என்றார் அண்ணன்.

ஐயர் நல்ல மனிதர், குறை சொல்லமாட்டேன். ஆண்டவருக்கு எல்லாம் தெரியும், வார்த்தை தவறினதால் ஆத்துமாவுக்குக் குறைவில்லை, ஒருமுறை நடந்த அடக்கத்தைத் திரும்ப நடத்த விதியில்லை என்றார். அண்ணன் போய் அப்படியே சொன்னார். அண்ணாச்சி திருப்பிக் கேட்டார்.

"ஆண்டவருக்கு எல்லாம் மாலூம்னா, அப்புறம் நீங்க எதுக்கு வாசிக்கிய?"

இதை வாசிக்கிற பெரியவர்கள் யாரிடமாவது அதற்குப் பதில் இருந்தால் தயவுசெய்து சொல்லுங்கள்.

அண்ணன் மேலிடத்துக்கு மூன்று கடிதம் எழுதினார். ஒன்றுக்கும் பதில் வரவில்லை. உத்தரவில்லாமல் போய் வாசித்துவிட்டு வாருங்களேன் என்று நான் சண்டை போட்டேன். "அனுமதியப் பிடுங்கிட்டாவன்னா நாளைக்குச் சாகிறவனுக்கு யாரு வாசிப்பா?" என்றார். உண்மைதான். அவரை விட்டால் தாராவியில் அப்போது ஆளில்லை. அண்ணாச்சி கோயிலுக்குள் வருவதை நிறுத்திவிட்டார். ஆனால் ஒவ்வொரு ஞாயிறும் ஆராதனை முடிகிற நேரத்துக்கு வாசலில் வண்டியோடு நிற்பார். "இன்னைக்கு உத்தரவு வந்துட்டா?" "இல்ல அண்ணாச்சி." அவ்வளவுதான் பேச்சு. இரண்டு வருஷம் இது நடந்தது. சனிக்கிழமை வந்தாலே அண்ணனுக்குச் சோறு இறங்காது.

எழுத்து என்னுடையது என்று அண்ணாச்சியிடம் சொல்லிவிடுகிறேன் என்று ஒருநாள் கிளம்பினேன். அண்ணன் கதவை மறித்துக்கொண்டு நின்றார். "வாயத் தொறந்தேன்னா பாத்துக்கோ. பொம்பள எழுதுனதாலதான் இப்படி ஆச்சிம்பானுவ. சபை பாடுததுக்கு நீ எழுதிக் குடுத்த பாட்டு நோட்டயும் தூரப் போட்ருவானுவ. நாந்தான வாசிச்சேன்? என்னோடயே இருக்கட்டும்." என்னோடு ஒரு தடவைகூட அதைப் பற்றிக் கோபித்துக்கொள்ளவில்லை. உப்புக்குக் கோபித்துக்கொள்கிற மனிதர், இதற்குக் கோபித்துக்கொள்ளவில்லை. திட்டியிருந்தால் எனக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும்.

பிறகு சுண்ணாம்பும் தோலும் அவருடைய நெஞ்சுக்குள் போய் உட்கார்ந்துகொண்டன. ஆஸ்பத்திரியில் கிடந்த கடைசி வாரத்தில் ஞாயிற்றுக்கிழமை வந்தபோது, "வாசல்ல அண்ணாச்சி நிக்காவளா பாரு" என்றார். நிற்கவில்லை என்று சொன்னேன். பொய். கோயில் வாசலில் நிற்கிறவர் அன்று ஆஸ்பத்திரி வாசலில் நின்றார். எனக்கு வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. செவ்வாய்க்கிழமை காலை அண்ணன் போய்விட்டார். நற்கருணை கிடைக்கவில்லை. ஐயர் வந்துசேர முடியவில்லை.

அண்ணனின் அடக்கத்தில் லேபர் கேம்ப் பள்ளி வாத்தியார், மழையில் மங்கியும் எழுத்துத் தெரிந்த அந்த நோட்டிலிருந்தே வாசித்தார். ஒரு சொல்லையும் மாற்ற வேண்டியிருக்கவில்லை. சகோதரன், அவனை, அவனுடைய, எல்லாம் என் அண்ணனுக்கு அப்படியே பொருந்தின. நான் எழுதினதைக் கேட்டுக்கொண்டு நின்றேன். பெட்டியை இழுத்துவந்தவர் கோயில்பிள்ளை அண்ணாச்சி. எல்லாரும் கலைந்தபிறகு வண்டியைத் திருப்பி என் பக்கத்தில் நிறுத்தினார்.

"ஏம்மா, உபதேசியாருக்கு உத்தரவு ஏதும் வந்துதா?"

"இல்ல அண்ணாச்சி" என்றேன். அப்போதும் உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. அண்ணன் மறித்த கதவு அங்கே இல்லை, என் பயம்தான் இருந்தது.

இரவு பகல் பாராமல் அண்ணனைப் பார்த்துக்கொண்ட மதினிக்கும், முறைவைத்துச் சோறு கொண்டுவந்த சபைப் பெண்களுக்கும், கிடங்கில் கூட வேலை செய்து பெட்டிக்குப் பலகை கொண்டுவந்த இஸ்லாமிய சகோதரர்களுக்கும், பின்னால் வந்து ஜெபித்த ஐயருக்கும், நோட்டை வாசித்த வாத்தியாருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

கோயில்பிள்ளை அண்ணாச்சிக்கு நன்றி சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. அவருக்கு வாசிக்கத் தெரியாது. இந்த மலர் கையில் கிடைக்கிறவர்களில் யாராவது அவரை உட்காரவைத்து இதை வாசித்துக் காட்டுங்கள். தப்பு அண்ணனுடையது இல்லை, என்னுடையது என்கிற இடத்தை மெதுவாக வாசியுங்கள். ஞானப்பூ அக்காள் எங்கள் சகோதரி. அவளை மண்ணுக்கு ஒப்புக்கொடுத்தோம், அவளை ஆண்டவர் ஏற்றுக்கொள்வாராக. இதை ஜெபம் என்று சொல்ல எனக்கு உத்தரவு இல்லை. ஆனால் இந்த முறை அந்தச் சொல்லை விடாமல் எழுதியிருக்கிறேன்.