இரண்டையும் அறுக்கும் ரம்பம்

ஊரிகம் கிராமத்தில் நானும் கணவரும் கதவு, ஜன்னல் செய்யும் பட்டறை வைத்திருக்கிறோம். இரும்பு, மரம் இரண்டையும் அறுக்கும் மின்ரம்பம் வாங்கப் போனோம். கடைக்காரர் எடுத்துக் காட்டிய ரம்பத்தின் பெட்டியில் இரண்டின் படமும் இருந்ததால் கணவருக்குத் திருப்தி. எனக்கு நம்பிக்கை வரவில்லை.

“இரும்பை இங்கயே அறுத்துக் காட்டுங்க” என்றேன்.

“வீட்டுக்குப் போய் பாருங்கம்மா” என்று கடைக்காரர் மழுப்பியதும் சந்தேகம் வலுத்தது.

“இன்னாமே, விடேன்” என்றார் கணவர். நான் விடவில்லை.

கடைக்காரர் வேண்டாவெறுப்பாக ரம்பத்தை இரும்புக் குழாயில் வைத்தார். பிளேடின் பல் ஒன்று தெறித்து, கணவரின் காதோரமாகப் பறந்து அலமாரியில் குத்தி நின்றது.

“மிஷின் ரெண்டுத்துக்கும் ஆவும். இந்த பிளேடு மரத்துக்கு மட்டும்தாம்மா” என்று அப்போதுதான் கடைக்காரர் ஒப்புக்கொண்டார். இரும்புக்கான பிளேடையும் சேர்த்தே வாங்கி வந்தோம்.

இப்போதெல்லாம் பிளேடில் எழுதியிருப்பதை எழுத்துக்கூட்டியாவது படிக்கிறேன். இரும்பை அறுப்பதென்றால் அதற்குரிய பிளேடை மாட்டி, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போட்ட பிறகுதான் கணவரை சுவிட்சைத் தொட விடுகிறேன்.