விரால் வயிற்றில் ஈயம்

நான் வந்த பஸ் டீக்கடையில் நிற்கிறது. நான் பிள்ளைப்பாக்கம் ஏரிக்கரையில் தொழிற்சாலை ஆட்களின் தூண்டில் போட்டியைப் பார்க்கிறேன். தூத்துக்குடியிலிருந்து வேலைக்கு வந்த செல்வியின் விரால்தான் நீளம். ஆனால் தராசில் அவளுடைய சூப்பர்வைசரின் விரால் கனக்கிறது. கோப்பை அவருக்கே என்கிறார் நடுவர்.

அந்த மீனின் வயிற்றை அழுத்திப் பார்க்கிறேன்.

"கைய எடு பெர்சு. மீனப் பத்தி உனுக்கு இன்னா தெரியும்?" என்கிறார் சூப்பர்வைசர்.

"மீன் கூடை தூக்கியே நாலு லாரி வாங்கினவன் நான். அஞ்சாங்கிளாஸ்ல ஃபெயிலு, மீனுல ஃபெயிலே ஆனதில்ல."

வாலைப் பிடித்து உலுக்குகிறேன். வாயிலிருந்து ஈயக்குண்டுகள் தராசுத் தட்டில் விழுகின்றன.

"அறிவிச்சாச்சே..." என்று நடுவர் இழுக்கிறார்.

என் பஸ் ஹாரன் அடிக்கிறது. போகட்டும்.

நாளைக்கும் செல்வி அந்த சூப்பர்வைசரின் லைனில்தான் நிற்க வேண்டும். ஆனாலும் தன் விராலைத் தூக்கித் தட்டில் வைக்கிறாள்.

"இப்பம் ரெண்டையும் எடை போடுங்க சார்."