சேவலா பெட்டையா என்று சொல்லாத ரூபி அக்கா

சென்ற வியாழக்கிழமை காலை ஏழரை மணிக்கு சாமுவேல் அண்ணன் எங்கள் வீட்டுக் கேட்டைத் தட்டினார். ரூபி அக்காவின் தம்பி அவர். நான் பள்ளி வேனுக்காகச் சின்னவளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தேன். "அக்கா போயிட்டாங்கமா. கோழிக்குத் தீனி வைக்கப் போனவங்க கூண்டுப் பக்கத்துலயே உக்காந்துட்டாங்க. அப்புறம் எழுந்திருக்கல" என்றார். பாதிப் பின்னலோடு அவளை விட்டுவிட்டு ஓடினேன். கூண்டு இன்னும் திறக்கப்படவில்லை. அத்தனை கோழிகளும் உள்ளே ஒரு சத்தமும் இல்லாமல் நின்றுகொண்டிருந்தன.

மாடம்பாக்கத்தில் நம் தெருவில் அவரை அறியாதவர் இல்லை. கிழக்குத் தாம்பரத்தில் ஒரு ஸ்கேன் சென்டரில் இருபது வருடத்துக்கு மேல் நர்ஸாக இருந்தவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வீட்டின் பின்பக்கம் எப்போதும் பத்துப் பதினைந்து நாட்டுக்கோழி இருக்கும். உங்களில் பலர் அவரிடம் குஞ்சு வாங்கியிருப்பீர்கள். சிலருக்கு மட்டும் தெரிந்த ஒன்றை நான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

என் பெரிய மகளுக்கு மூன்று வயதானபோது, தாம்பரம் மார்க்கெட்டில் பச்சையும் ரோஸுமாகச் சாயம் பூசிய இரண்டு கோழிக்குஞ்சுகள் வாங்கி வந்தேன். அவற்றைப் பார்த்ததும் ரூபி அக்கா, "ரெண்டும் சேவலா இருக்கும்" என்றார். தொடாமலே எப்படிச் சொல்கிறீர்கள் என்று கேட்டேன். "பண்ணையில பொறிச்ச அன்னிக்கே பாத்துடுவாங்க. முட்டை போடாத சேவல எல்லாம் ஒதுக்கிக் கொன்னுடுவாங்க. அதுல தப்பிச்சதுக்குத்தான் சாயம் அடிச்சு விக்கறாங்க." மூன்றாம் நாள் இரண்டுமே செத்துப்போயின. மகள் அழுததைப் பார்த்து, தாயோடு சேர்த்து ஐந்து நாட்டுக்குஞ்சுகளைக் கொடுத்தனுப்பினார்.

அந்த ஐந்தில் எது பெட்டை என்று தெரிந்துகொள்ள எனக்கு அவசரம். தெருப் பெண்கள் ஆளுக்கொரு வழி சொன்னார்கள். காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கு, தலையை நிமிர்த்தினால் பெட்டை என்றார்கள். நூலில் ஊசி கட்டி மேலே ஆட்டிப் பார் என்றார்கள். "எல்லாம் சும்மா" என்றார் அக்கா. "கழுத்து எறகு கூரா வந்தா சேவல், உருண்டையா வந்தா பெட்டை. அதுக்குப் பத்து வாரமாவது ஆகும். அதுவரைக்கும் எல்லாத்துக்கும் ஒரே தீனி போடு."

அவருடைய கண்ணுக்கு அதற்கு முன்பே ஓரளவு தெரியும். கொண்டை சிவக்கும் விதம், கால் தடிப்பு, நிற்கும் தோரணை என்று பலதும் பார்ப்பார். ஆனால் சொல்ல மாட்டார். ஏன் என்று ஒருநாள் சொன்னார். முனை வீட்டு அம்மா ஒருவர் நச்சரித்து நச்சரித்துக் கேட்டதால், ஒரு மாதக் குஞ்சுகளில் இரண்டைக் காட்டி "சேவல் மாதிரி இருக்கு" என்று சொல்லிவிட்டாராம். அன்றே அந்த இரண்டையும் தெருவில் விரட்டிவிட்டார்கள். ஒன்றை நாய் கவ்விக்கொண்டு போனது. மற்றொன்று எப்படியோ பிழைத்து, ஐந்து மாதம் கழித்து அக்காவின் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் முட்டையிட்டது. "நாய் புடிச்சதும் பெட்டையா இருந்திருக்கலாம். சேவலாவே இருந்தாலும் என்ன? நான் வாயத் தொறந்த அன்னிக்குத்தான் அதுக்குத் தீனி நின்னுச்சு" என்றார்.

அவர் வேலை செய்த இடத்திலும் அதே கதைதான். பிறக்கப்போவது ஆணா பெண்ணா என்று சொல்வது குற்றம் என்று சுவரில் பெரிய பலகை இருந்தது. அதன் கீழேயே உட்கார்ந்துகொண்டு அவரை ஜாடையாகக் கேட்பார்களாம்.

நான் இரண்டாவது முறை உண்டானபோது என் மாமியாரும் கேட்டார். அக்கா வேலை செய்த சென்டரிலேயே எனக்கு ஐந்தாம் மாத ஸ்கேன் முடிந்த மறுநாள், ஒரு கூடையில் இரண்டு குஞ்சுகளை வைத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனார். என்னையும் கூட வரச் சொன்னார்.

"நீ வாயால ஒண்ணும் சொல்ல வேணாம் ரூபி. இதுல ஒண்ண எடுத்து என் கைல குடு. சேவல்னா சேவக் குஞ்சு, பெட்டைன்னா பெட்டைக் குஞ்சு. மத்தத நான் பாத்துக்கறேன்."

அக்கா குஞ்சுகளைப் பார்க்கவே இல்லை. என்னைத்தான் பார்த்தார். "ரொம்பச் சின்னதா இருக்கும்மா. பத்து வாரம் போகட்டும்" என்றார்.

"பத்து வாரம் போனா இன்னா பண்றது? எல்லாம் கை மீறிப் பூடுமே."

மாமியார் இதைக் கோபமாகச் சொல்லவில்லை. பால்காரரிடம் நாளைக்கு அரை லிட்டர் கூட வேண்டும் என்று சொல்வதுபோலச் சொன்னார்.

இப்போது வெட்கத்தோடு ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். இரண்டு நாள் கழித்து நானே தனியாகப் போய்க் கேட்டேன். தெரிந்துவிட்டால் மனசு நிம்மதியாகும் என்றேன். அக்கா அரிசி களைந்துகொண்டிருந்தார். நிமிராமலே, "பொண்ணுன்னு தெரிஞ்சா என்ன பண்ணுவ?" என்றார். பதில் இல்லை என்பது எனக்கே அப்போதுதான் தெரிந்தது. போகும்போது வாசல்வரை வந்தார். "வீட்ல கஷாயம் மாத்திரைன்னு எது குடுத்தாலும் குடிக்காத. எதுவா இருந்தாலும் எனக்கு போன் பண்ணு."

அடுத்த திங்கட்கிழமை காலையில் மாமியார், "இன்னைக்கி ஒண்ணும் துன்னாத. கோயிலுக்குப் போறோம்" என்றார். கணவர் செய்தித்தாளைத் தாழ்த்தவே இல்லை. அவருக்குத் தெரியும் என்று அந்த நொடியில் எனக்குப் புரிந்தது. வாடகைக் கார் வந்தது. தாம்பரத்தைத் தாண்டிச் செங்கல்பட்டுப் பக்கம் திரும்பியது. எந்தக் கோயில் என்று கேட்டேன். "அங்க ஒரு வூட்டுல மிஷின் கீது. பாத்துச் சொல்லுவாங்க. வேணாம்னா அங்கியே முடிச்சிக்கினு சாயங்காலம் வந்துடலாம்" என்றார். வெறும் வயிற்றோடு வரச் சொன்னதன் காரணம் அப்போது விளங்கியது.

பெருங்களத்தூரில் வண்டிகள் தேங்கி நின்றன. வாந்தி வருகிறது என்று சொல்லி இறங்கி, ரூபி அக்காவுக்கு போன் செய்தேன். செங்கல்பட்டுப் பக்கம் ஒரு மிஷின் வீட்டுக்குக் கூட்டிப்போகிறார்கள் என்றேன். "திரும்பக் கார்ல ஏறாத. கூட்டம் இருக்கற கடையாப் பாத்து நில்லு" என்றார். ஒரு டீக்கடை முன்னால் நின்றேன். மாமியார் காரிலிருந்து இறங்கவில்லை. கண்ணாடியை இறக்கி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். இருபது நிமிடம் அப்படியே போனது. அக்கா ஆட்டோவில் வந்து இறங்கினார், நர்ஸ் உடுப்போடு. நேராகக் காரிடம் போய்க் குனிந்தார்.

"நீங்க போற வீடு எனக்குத் தெரியும்மா. அங்க போன ஒரு பொண்ணையும் தெரியும். அவ இப்ப இல்ல."

அவ்வளவுதான் சொன்னார். கார் திரும்பிப் போனது.

பதினொரு நாள் அவர் வீட்டில் இருந்தேன். பெரியவளைச் சாமுவேல் அண்ணன் போய் அழைத்து வந்தார். அந்த மிஷின் வீட்டைப் பற்றி அக்கா தன் பெயரிலேயே புகார் எழுதிக் கொடுத்தார். அதைப் பூட்டிவிட்டார்கள் என்று பிறகு கேள்விப்பட்டோம். "வேற எங்கயாவது தொறந்திருப்பாங்க" என்றார் அவர். ஆறாம் நாள் காலை பின்பக்கம் ஒன்பது கோழிகள் செத்துக் கிடந்தன. யாரோ மதிலுக்கு மேலாகச் சோறு வீசியிருந்தார்கள். யார் என்று நாங்கள் பேசவில்லை. மிச்சச் சோற்றைக் காக்கை தொடுவதற்குள் அள்ளிக் குழிக்குள் போட்டு, கோழிகளையும் புதைத்து, கையைச் சோப்புப் போட்டு இரண்டு முறை கழுவிக்கொண்டு அக்கா வேலைக்குப் போனார்.

கணவர் வந்து அழைத்தபோது அக்கா என்னைத் தடுக்கவில்லை. "கூட்டிட்டுப் போங்க தம்பி. ஞாயித்துக்கிழமை சர்ச் முடிஞ்சு நான் வந்து பாப்பேன்" என்றார். ஒரு ஞாயிறுகூடத் தவறவில்லை. என் மாமியாருக்கு எதிரே நாற்காலியைப் போட்டு உட்காருவார். காபி கொடுத்தால் வாங்கி, குடிக்காமல் பக்கத்தில் வைப்பார். என்னைப் பார்ப்பார், கிளம்புவார். பிரசவம் வரைக்கும் அது நடந்தது.

பெண் குழந்தை பிறந்தது. கணவர் வீட்டிலிருந்து மூன்று நாள் யாரும் ஆஸ்பத்திரிக்கு வரவில்லை. அக்காதான் குழந்தையைத் துணியில் சுற்றி மடியில் வைத்திருந்தார். "உங்களுக்கு அன்னிக்கே தெரியுமாக்கா?" என்று கேட்டேன்.

"இல்ல" என்றார். "ஸ்கேனுக்கு உன் பேரைக் கூப்பிட்டதும் நான் ரூமை விட்டு வெளிய போயிட்டேன். இத்தனை வருஷம் பாத்த கண்ணு, தெரிஞ்சிருக்கும். உங்க மாமியார் என் மூஞ்சியப் பாத்தே கண்டுபுடிச்சிருப்பாங்க."

நான் அவரிடம் போய்க் கேட்டதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. இத்தனை வருடங்களில் என்னிடமே ஒருமுறைகூட நினைவுபடுத்தவில்லை. அது என் சின்னவளுக்கும் தெரியாது. இதைப் படிக்கும் வயது அவளுக்கு வந்துவிட்டது, அதனால் நானே சொல்லிவிடுவது நல்லது.

வெள்ளிக்கிழமை கல்லறைத் தோட்டத்தில், நம் தெருவைச் சேராத நான்கைந்து பெண்களைப் பார்த்தேன். ஒவ்வொருவர் கையையும் ஒரு பெண் குழந்தை பிடித்திருந்தது. யாரும் யாரையும் எந்த ஊர் என்று கேட்கவில்லை. நானும் என் சின்னவளை இழுத்து முன்னால் நிறுத்திக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை சாமுவேல் அண்ணன் மறுபடி வந்தார். அக்காவின் பழைய பட்டன் போன் அவர் கையில் இருந்தது. "அடிச்சுக்கிட்டே இருக்குமா. நான் எடுத்தா அந்தப் பக்கம் பேச மாட்டேங்கறாங்க. வெச்சிடறாங்க." வாங்கி மேசைமேல் வைத்தேன். சிறிது நேரத்தில் அடித்தது. எடுத்தேன். அந்தப் பக்கம் மூச்சு மட்டும் கேட்டது. பிறகு சின்னக் குரலில், "அக்கா, என்னைக் காலையில சாப்பிட வேணாம்னு சொல்லிட்டாங்க" என்றாள் ஒருத்தி.

ரூபி அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்த போன். "பேசுமா, கேக்கறேன்" என்றேன்.